லெனின் கையெழுத்திட்ட ஆணை விலைக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தைக் கொன்ற பொறுப்பு யாருடையது என்று ஆய்வேடு எழுத வேண்டும். லெனின் என்பதா, உள்ளூர் சோவியத் (புரட்சி மன்றம்) என்பதா? ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடையில், லெனின் கையெழுத்திட்ட ஆணையின் நகலை 3,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி ஓர் ஆணை எந்தக் காப்பகத்திலும் இதுவரை கிடைக்கவில்லை. ரஷ்ய அரசே பல ஆண்டுகள் விசாரித்தும் கிடைக்கவில்லை. இல்லாத தாளுக்கு நகல் எங்கிருந்து வரும்?

இந்தக் கடைக்காரர்களால் கெட்டுப்போன பிள்ளைகள் ஏராளம். இரண்டு வெவ்வேறு கல்லூரி ஆய்வேடுகளில் ஒரே அத்தியாயத்தை, எழுத்துப்பிழைகூட மாறாமல், நானே பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் மகள்தான், கடைக்காரர் அல்ல.

சரி, பொறுப்பு யாருடையது? சுட்டவர்கள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. 1918 ஜூலை 16 நள்ளிரவு தாண்டி, யெகாதெரின்பர்க் நகரின் இபாத்யேவ் வீட்டில் எல்லோரையும் எழுப்பி அடித்தள அறைக்கு அழைத்துப் போனார்கள். உட்கார ஒன்றுமில்லையா என்று ஜாரின் மனைவி கேட்டதும் நாற்காலிகள் வந்தன. காவல் தலைவர் யூரோவ்ஸ்கி, அந்த வட்டாரத்து யூரல் சோவியத்தின் முடிவை அறிவித்தார். உடனே சுட்டார்கள். முடிவெடுத்ததாகப் பொறுப்பேற்றதும் பெலபரோதவ் தலைமையிலான அதே சோவியத்துதான். அப்போது லெனின் அரசை எதிர்த்த வெள்ளைப் படைகளும் செக் வீரர்களும் நகரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்கோவுக்கு, அதாவது லெனின் அரசுக்கு, தெரியுமா என்பதில்தான் நிதானம் வேண்டும். ஆணை கிடைக்கவில்லை என்பதால் மாஸ்கோவுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடக் கூடாது. கொலைக்குச் சில மணி நேரம் முன்பு, இனித் தாமதிக்க முடியாது, மறுப்பு இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று பெத்ரோகிராத் வழியாக லெனினுக்கும் மத்திய செயற்குழுத் தலைவர் ஸ்வெர்த்லோவுக்கும் தந்தி போனது. அதற்கு மாஸ்கோ அனுப்பிய பதில் தந்தி எதுவும் காப்பகங்களில் கிடைக்கவில்லை. ஜூலை 18 அன்று ஸ்வெர்த்லோவ் தலைமையிலான மத்திய செயற்குழுத் தலைமை அந்த முடிவைச் சரியென்று ஏற்றது. ஜார் மட்டுமே கொல்லப்பட்டார், குடும்பம் பத்திரமான இடத்தில் இருக்கிறது என்று வெளியே பொய் சொன்னார்கள். குடும்பம் முழுவதற்கும் அதே கதிதான் என்று முந்தின நாளே யூரலிலிருந்து மாஸ்கோவுக்கு ரகசிய எண்களில் தந்தி போயிருந்தது. மாஸ்கோவில்தான் முடிவெடுத்தோம் என்று ஸ்வெர்த்லோவ் தன்னிடம் சொன்னதாக, அன்று போர் அமைச்சராக இருந்த ட்ராட்ஸ்கி 1935இல் நாட்குறிப்பில் எழுதினார். அது வலுவான சாட்சிதான், ஆனால் 17 ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியது. அதையும் சேர்த்தே மகள் எழுதட்டும்.

ஆகவே, "யூரல் சோவியத் நிறைவேற்றியது, மாஸ்கோ ஏற்றது, மறைத்தது, முன்கூட்டிய ஆணைக்கு எழுத்துச் சான்று இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே பெயரைக் கேட்டு மதிப்பெண் போடும் நம் தேர்வுமுறைக்கு இந்தப் பதில் பிடிக்காது. அந்த முறைதான் பிள்ளைகளை இந்தக் கடைகளுக்கு விரட்டுகிறது. வழிகாட்டி ஆசிரியர் முணுமுணுத்தால் தந்திகளைக் காட்டட்டும்.

இன்னொன்று: இறந்தவர்கள் 11 பேர். மருத்துவர் போத்கின், பணிப்பெண் தெமிதோவா, சமையல்காரர் கரித்தோனவ், பணியாள் த்ருப் ஆகிய நால்வரையும் "மற்றும் சிலர்" என்று போடாமல் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.