ஹார்மோன் ஊசி தேவையா என்பதைப் பயோமார்க்கர் பரிசோதனை சொல்லுமா?

கேள்வி: 68 வயதான என் தந்தைக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் புரதம்) 9, பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+4. கதிர்வீச்சுடன், ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் ஆறு மாதம் வேண்டும் என்கிறார் மருத்துவர். சர்க்கரை நோய் இருப்பதால் ஊசியைத் தவிர்க்க விரும்புகிறோம். புற்றுத் திசுவின் உயிரியல் அடையாளங்களை ஆராயும் பயோமார்க்கர் பரிசோதனை உதவுமா? அதை வைத்துக் கதிர்வீச்சின் அளவையும் குறைக்கலாமா?

பதில்: கதிர்வீச்சின் அளவைக் குறைக்க இயலாது. இப்பரிசோதனைகள் தரும் மரபணு மதிப்பெண்ணைப் பார்த்து அளவை மாற்றுவது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஹார்மோன் சிகிச்சையைச் சேர்ப்பதா, எவ்வளவு காலம் தருவது என்பவற்றில்தான் இப்பரிசோதனைகள் இப்போது பயன்படுகின்றன.

பரிசோதனைக்கு முன் கையிலுள்ள அறிக்கையைப் படியுங்கள். எடுத்த திசுத் துண்டுகளில் பாதிக்கும் குறைவானவற்றில் மட்டுமே புற்று இருந்து, வேறு இடர்க்காரணிகளும் இல்லையென்றால், இது சாதகமான நடுத்தர இடர்ப் பிரிவு. அதற்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டுமே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: புரோஸ்டேட் வீக்கத்துக்காக அவர் டூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிட்டுவந்தால், அது பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்பதால், 9 என்பதை 18 என்றே கொள்ள வேண்டும். அப்போது பி.எஸ்.ஏ. உயர்வும் ஓர் இடர்க்காரணியாகச் சேர்வதால் அவர் பாதகமான நடுத்தர இடர்ப் பிரிவுக்குச் சென்றுவிடுவார், மருத்துவர் ஊசியைப் பரிந்துரைத்ததும் பொருத்தமாகிவிடும்.

இவற்றுக்குப் பிறகும் ஐயம் நீடித்தால் பரிசோதனைக்கு அர்த்தமுண்டு. டிசைஃபர் என்னும் பரிசோதனை, சேமித்து வைத்த பயாப்சித் திசுவிலேயே 22 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. புதிதாகத் திசு எடுக்க வேண்டியதில்லை. 0.45க்குக் கீழே குறைந்த இடர், 0.60க்கு மேல் அதிக இடர். ஆனால் இது நோய் பரவும் வாய்ப்பைச் சொல்கிறதே தவிர, ஊசி பலிக்குமா என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. மதிப்பெண் குறைவாக இருந்தால் ஊசியால் கிடைக்கக்கூடிய கூடுதல் நன்மையும் சிறிதாகவே இருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சிறு நன்மை, இரத்தச் சர்க்கரை கூடுவதற்கும் எலும்பு பலவீனமடைவதற்கும் ஈடாகாமல் போகலாம்.

ஊசியின் பலனையே கணிக்க முயல்வது ஆர்ட்டெரா என்னும் செயற்கை நுண்ணறிவுப் பரிசோதனை. பயாப்சிப் படங்களை ஆராயும் இதை, கதிர்வீச்சுடன் ஹார்மோன் சேர்ப்பதை ஒப்பிட்ட ஆர்.டி.ஓ.ஜி. 9408 என்னும் ஆய்வில் சோதித்தபோது, பங்கேற்றவர்களில் (பெரும்பாலோர் நடுத்தர இடருள்ளவர்கள்) ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே நான்கு மாத ஹார்மோன் சிகிச்சை தெளிவாகப் பலன் தந்தது. எனினும் அந்த ஆய்வில் கொடுத்த கதிர்வீச்சு 66.6 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) மட்டுமே, இன்றைய அளவைவிடக் குறைவு. ஆகவே அம்முடிவை அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்று மருத்துவர் சொன்னால் பரிசோதனை வேண்டாம். மாறும் என்றால் முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். நடுத்தர இடர்ப் பிரிவில் சில வாரக் காத்திருப்பு பொதுவாகத் தீங்கு செய்யாது. மூன்று மாதம் செயல்படும் ஊசியையோ போட்ட பின் திரும்பப் பெற முடியாது.