லேபர் வார்டில் அசம்பாவிதம்: பக்கத்தில் நின்ற மாணவிக்கு என்ன செய்வது? (கேள்வி பதில்)

பதில் சொல்பவர்: மகப்பேறு செவிலியப் பாட ஆசிரியை, தர்மபுரி

பென்னாகரம், டியூட்டர்: மேடம், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு அதிகமாகி, தாய் பிழைத்துவிட்டார். கூட நின்ற ஏஎன்எம் (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டாமாண்டு மாணவி, "ரத்த அளவை நான்தான் குறைச்சுச் சொன்னேன்" என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இனி அடுத்த முறைக்கு: முதல் மணி நேரத்தில் வார்டை விட்டு வெளியே கூட்டி வந்து, ரத்தம் பட்ட உடையை மாற்றச் சொல்லி, டீ கொடுங்கள். ஹாஸ்டலுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். "என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்று கிளறவும் வேண்டாம். அவளாகப் பேசினால் கேளுங்கள்.

இப்போது அவளுக்குத் தேவை ஆறுதலைவிட உண்மை. கண்ணால் பார்த்துச் சொல்லும் ரத்த அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், அனுபவசாலிக்கும் அப்படித்தான். இதை வாயால் சொல்லாமல் செய்து காட்டுங்கள். சிவப்புச் சாயம் கலந்த 600 மில்லி தண்ணீரைப் பேடுகளிலும் விரிப்பிலும் ஊற்றி, அவளையும் இரண்டு ஸ்டாஃப் சிஸ்டர்களையும் அளவு சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவற்றை எடை போட்டு, நனைவதற்கு முன் இருந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்றால் 1 மில்லி. 500 மில்லியைத் தாண்டினாலே அதிக ரத்தப்போக்கு, அதைக் கணக்கு வைப்பது ஸ்டாஃப் பொறுப்பு, மாணவியுடையது அல்ல. அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நீண்ட லீவு கொடுக்காதீர்கள், வார்டு மேலும் பூதாகரமாகிவிடும். முதலில் கர்ப்பிணிகள் ஓபி, அடுத்து பிரசவித்த தாய்மார் வார்டு, பிறகு ஒரு சாதாரணப் பிரசவத்தில் தெரிந்த சிஸ்டர் பக்கத்தில் வெறுமனே நிற்பது. 3-ஆம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என மூன்று முறை விசாரியுங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தக் காட்சியே கண்முன் வந்தால், தூக்கம் கெட்டால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன்பே தாங்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

கிருஷ்ணகிரி, மாணவி: மேடம், காலையில தையல் போடுறப்ப ஊசி குத்திடுச்சு. திட்டுவாங்கன்னு சொல்லல.

இதைப் படிச்சதும் எழுந்து கேஷுவால்ட்டிக்குப் போம்மா. இப்பவே. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவு, பிதுக்காதே, பிளீச் வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்து 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் வரை வழி இருக்கு. தேவைன்னு டாக்டர் சொன்னா 28 நாள் விடாம சாப்பிடணும். அந்தத் தாயோட எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி ரிசல்ட்டையும், உன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விவரத்தையும் கையோட கொண்டு போ.

அரூர்: மாணவி கேஸ் ஷீட்டில் நேரம் தப்பாக எழுதிவிட்டாள். மாற்றி எழுதலாமா?

கூடாது. ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான நேரம், கையெழுத்து, தேதி. வொயிட்னர் தொட்டால் சின்னத் தவறும் மோசடி ஆகிவிடும்.

ஓசூர், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்: திட்டினால்தான் கத்துக்குவாங்க. நாங்க அப்படித்தான் வளந்தோம்.

மேலே ஊசி குத்திய பெண் காலையிலிருந்து வாயே திறக்கவில்லையே, அதுதான் நீங்கள் சொல்லும் பாடம், சார்.

அதே ஓசூர்: அப்ப தப்பையே சொல்லக் கூடாதா?

சொல்லணும். உறவினர் முன்னால் அல்ல. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கியபோது மாணவி தாயின் வயிற்றின் மேல்பக்கம் அழுத்தினாளா? மறுநாள் பொம்மையை வைத்து, தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடிப்பதையும், அடிவயிற்றின் கீழே இருக்கும் பியூபிக் எலும்புக்குச் சற்று மேலே அழுத்துவதையும் பத்து முறை செய்ய வையுங்கள். மேலிருந்து அழுத்தினால் தோள் இன்னும் இறுகும் என்று அவள் வாயாலேயே வரட்டும்.

பாலக்கோடு: மாணவியையே தாங்கிக்கிட்டிருந்தா தாயை யார் பார்ப்பது?

தாய்தான் முதலில். அவரை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் மாணவி.

ஓசூர், மறுபடியும்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு ரொம்ப மெல்லிசு.

பொம்மை உங்கள் ஸ்கில் லேபில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஊத்தங்கரை: மாணவிக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

போச்சம்பள்ளி: தாய் இறப்பு ஆய்வுக்கு மாணவியைக் கூப்பிட்டால்?

அந்த ஆய்வு காரணம் தேடத்தான், ஆள் பிடிக்க அல்ல. டியூட்டர் கூடப் போகணும். பார்த்ததை மட்டும் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். பேச்சு வந்ததால் மறுபடி சொல்கிறேன்: கேஸ் ஷீட்டை அழித்து மாற்றி எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமும் போடாதீர்கள்.

காரிமங்கலம்: ஏஎன்எம் சேர என்ன மார்க்?

அந்தக் கேள்விக்கு இது இடமில்லை. கல்லூரியில் கேளுங்கள்.

காவேரிப்பட்டினம், மாணவி: மேடம், கிளவுஸ் போட்டிருந்தேன், லேசாதான் குத்துச்சு...

அதேதான்மா. மேலே கிருஷ்ணகிரிப் பெண்ணுக்குச் சொன்னதைப் படி. எத்தனை மணிக்குக் குத்துச்சுன்னு எழுதிக்கிட்டு கிளம்பு.