விரட்டினால் கால் ஓடும்

கேள்வி: நெடுந்தொலைவு ஓடுபவர்களுக்கு மனவுறுதி தானாக வந்துவிடும் என்கிறார்கள். 16 வயதான என் மகன் சிறு தோல்விக்கும் துவண்டுபோகிறான். தினமும் அதிகாலையில் எழுப்பி, மைதானத்தைப் பத்துச் சுற்று விரட்டி ஓடவிட்டால் அவன் மனம் திடப்படுமா?
– ஒரு வாசகர்

பதில்: கால் திடப்படும். மனத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஓட்டத்துக்கும் மனத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல வரவில்லை; நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு உண்டு. சாமுவேலே மார்கோரா என்ற உடலியல் ஆய்வாளர் தம் சகாவுடன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற வீரர்கள் நிலைச் சைக்கிளில் ஏறத்தாழ 242 வாட் அளவில், இனி முடியாது என்று கைவிடும்வரை மிதித்தார்கள். கைவிட்ட கையோடு, ஐந்தே நொடிக்கு முழுமூச்சாக மிதிக்கச் சொன்னபோது அதே கால்கள் ஏறத்தாழ 731 வாட் காட்டின. 'முடியாது' என்று சொன்ன கணத்தில் கால்களில் மூன்று மடங்கு திறன் மிச்சமிருந்திருக்கிறது! அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய குழு செய்த இன்னொரு சோதனையில், 90 நிமிடம் கவனத்தைப் பிழிந்தெடுக்கும் கணினி வேலையை முடித்துவிட்டு மிதித்தவர்கள் சராசரியாக 640 நொடியில் கைவிட்டார்கள். ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்த நாளில் அவர்களே 754 நொடி தாங்கினார்கள். களைப்பில் தசையின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை என்றாலும், நிற்பது என்பது பல நேரங்களில் உடல் போடும் உத்தரவு அல்ல, நாம் எடுக்கும் முடிவு என்பதை இவ்வளவுக்குப் பிறகு மறுப்பது கடினம்.

பயிற்சி பழக்குவது அந்த முடிவைத்தான். நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவன் என்பதால் அந்தக் கணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும், தொடை கனக்கும், உடனே ஷூ கயிறு தளர்ந்திருப்பதுபோல் தோன்றும். குனிந்து பார்த்தால் கயிறு இறுக்கமாகவே இருக்கும். அந்தச் சாக்கை முதல் மாதம் நான் நம்பினேன். மூன்றாவது மாதம் அது வரும் இடம்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சிரமம் அப்போதும் குறைந்துவிடவில்லை. ஆனால் அது இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும், பிறகு சற்றே தணியும் என்று தெரிந்துகொண்டதால் அதைக் கண்டு பதறுவது நின்றது. கூடவே, மூட்டில் சுருக்கென்று குத்தும் வலிக்கும் நெஞ்சு வலிக்கும் உடனே நிற்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். எல்லா வலியையும் பல்லைக் கடித்துத் தாங்குவதுதான் உறுதி என்று நினைப்பவர் மருத்துவமனையில் போய்த்தான் முடிப்பார்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். விசில் ஊதியபடி பின்னால் நீங்கள் நிற்கும்போது, ஏழாவது சுற்றில் நிற்பதா தொடர்வதா என்ற முடிவு உங்கள் மகனிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. பத்துச் சுற்றையும் அவர் முடிப்பார், உங்களுக்குப் பயந்து. அந்தப் பயத்தைத் தவிர வேறெதுவும் அதில் பழகாது. ஓட்டத்தின் மீது ஆயுள் முழுக்க வெறுப்பும் வரலாம். தண்டனையாக மைதானத்தைச் சுற்றியவர்களில் எத்தனை பேர் பிற்பாடு ஆசையாக ஓடப் போனார்கள் என்று உங்கள் பள்ளித் தோழர்களிடமே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஓட்டத்தில் வந்த உறுதி தேர்வறைக்கும் நட்பு முறிவுக்கும் தானாகவே இடம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 42 கிலோமீட்டரைச் சளைக்காமல் ஓடி முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரு தொலைபேசி அழைப்பை ஆறு மாதமாகத் தள்ளிப்போடும் மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். 'அன்று ஏழாவது சுற்றில் இப்படித்தானே இருந்தது' என்று ஓடியவரே நினைத்துப் பார்த்தால் மட்டுமே அந்தப் பாலம் அமையும். அதை அவருக்காக நீங்கள் கட்ட முடியாது.

ஆகவே, எத்தனை சுற்று என்பதை அவரே சொல்லட்டும். மூன்று என்றால் மூன்று. அடுத்த வாரம் நான்கு ஆக்குவதும் ஆக்காததும் அவர் பொறுப்பு. சுற்றுகளை யார் எண்ணுவது என்று கேட்பீர்கள். கூடவே ஓடுபவர் எண்ணலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஓடுவதாக அதில் எங்கும் இல்லை.