கடைசி ஆண்டில் படிக்கும் தங்கையை ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின்) பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா? செமஸ்டர் தேர்வு கெட்டுவிடுமா?

அனுப்புங்கள். விட்ட தாளை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், விட்ட போட்டி திரும்ப வராது. அம்மா பயப்படுகிறார், சொந்தக்காரர்கள் "பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரமா?" என்கிறார்கள், நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படித்தானே? எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பாவுக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை. எனக்கு நீளம் தாண்டுதல். 2018இல் மியன்மாரின் நேப்பிடோவில் நடந்த போட்டிக்கு நான் தேர்வாகவில்லை. முதலாண்டுதானே, ஈராண்டுக்கு ஒருமுறை வருவது, 2020இல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பயிற்சியாளர். அந்த 2020 மார்ச்சில் கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, ஆற்று மணலைச் சலித்துக் கொட்டினார். கல் கிடந்தால் என் கால் போய்விடும் என்று மணல் முழுக்க விரலால் துழாவுவார். மழை பெய்து இறுகிப்போனால், விடியற்காலையில் மண்வெட்டியால் கிளறிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். செம்மண் சடக்கில் ஓடிவந்து அதில் குதிப்பேன்.

அந்த ஆண்டு போட்டியே நடக்கவில்லை. அடுத்தது 2022இல், தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில். அதற்குள் நான் பட்டம் வாங்கிவிட்டேன். என்னோடு பயிற்சி செய்த பல பேருக்கும் இதே கதிதான். படிப்பே மூன்று நான்கு ஆண்டு, ஒரு போட்டி தவறினால் அவ்வளவுதான்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்க வருபவர்களுக்கு: படிப்பை விடச் சொல்லவில்லை. நானும் படித்துத்தான் ஆசிரியையாக இருக்கிறேன். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற நம் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் மருத்துவர். ஆசியான் பல்கலைக்கழகப் போட்டி கல்லூரிச் சுற்றுலாவும் இல்லை. 1981இல் சியாங் மாயில் தொடங்கியது, 2008இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. தோட்டம் கைமாறியபோது எங்கள் தமிழ்ப்பள்ளியை ஒட்டியிருந்த திடலும் போய்விட்டது. நான் முதலில் ஓடிய இடம். இப்போது அங்கே வரிசை வீடுகள். பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் கோடு போட்டு ஓடுகிறார்கள். இந்தியப் பிள்ளைகள் விளையாட்டில் பின்தங்கிவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறவர்கள், அந்த நிலம் போனபோது எங்கே போனார்கள்?

சரி, உங்கள் தங்கை விஷயம். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பங்கேற்புக் கடிதம் வாங்கி, தேர்வுத் தேதியை மாற்றித் தரும்படி புலத்துக்கு இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் காலாவதியாவதாக இருந்தால் இந்த வாரமே புதுப்பித்துவிடுங்கள்.