தாத்தா விட்டுப்போன போர்க்கால வாட்ச் எந்தக் கம்பெனி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா, "இது ஜப்பான் ஆபிசர் கையால் கழற்றிக் கொடுத்தது" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். பர்மாவில் எந்தத் தமிழ் வீட்டில் பழைய வாட்ச் இருந்தாலும் கதை இதுதான்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் தட்டோன் ஊர்ப் பக்கம் அரிசி மில்லில் கணக்குப் பார்த்தவர். அவருடைய வாட்ச் டயலில் 'ஒமேகா' என்று இருக்கும். ஒமேகா சுவிஸ் கம்பெனியாயிற்றே, ஜப்பான்காரன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். கடைசியில் ரங்கூனில் எனக்குப் பழக்கமான ரிப்பேர்க்கார ஊலே (பர்மியப் பேச்சில் 'மாமா') ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டியவர் டயலைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். எழுத்து புதிதாகப் பெயின்ட் அடித்தது. பல வருஷம் முன்பு பெரியப்பா அதை ஒரு கடையில் 'புதுசாக்க'க் கொடுத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான்கள் டயலில் இல்லாத பெயரை எழுதி, பின்மூடியையும் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அந்தக் கடையை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் மெஷினை யாரும் தொடவில்லை. முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் 'கே.எஃப்.', பக்கத்தில் ஒரு எண். கே.எஃப். என்றால் கூர்த் ஃப்ரேர், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் ஊரில் 1888இல் தொடங்கிய கம்பெனி. கிரானா என்ற பெயரில் விற்றார்கள், பின்னாளில் அதுதான் செர்ட்டினா ஆனது. பின்மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று கோட்டு அம்பும் 'ஏ.டி.பி.' என்ற எழுத்தும் லேசாகத் தெரிந்தன. அந்த அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. ஏ.டி.பி. என்பது இரண்டாம் உலகப்போர் நடந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் தரைப்படைக்காக சுவிஸ் கம்பெனிகளிடம் வாங்கிய ரகம். செய்தவன் ஒருவன், வாங்கிக் கொடுத்த அரசு வேறு. உங்கள் கேள்வியிலும் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, தனித்தனியாகத் தேடுங்கள்.

நிஜமான ஜப்பான் ராணுவ வாட்ச் என்றால் பெரும்பாலும் செய்கோஷா (இன்றைய சீகோ). தரைப்படைக்கு நட்சத்திர முத்திரை, கடற்படைக்கு நங்கூர முத்திரை. அமெரிக்காவுடையது என்றால் எல்ஜின், வால்தம், புலோவா, பின்மூடியில் 'ஏ-11' போன்ற ராணுவக் குறி. முத்திரையே இல்லாமல் 'வெஸ்ட் எண்ட்' என்று இருந்தால் பம்பாய், கல்கத்தாவில் கடை போட்டு விற்றவர்களின் பெயர் அது. உள்ளே சுவிஸ் மெஷின்தான் இருக்கும், சிலவற்றில் லோஞ்சீன்.

கிரானா என்றதும், "ஐயோ, அது ஏலத்தில் எக்கச்சக்கமாகப் போகுமே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். விலை போவது 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' என்று பிரிட்டிஷ் ராணுவம் முத்திரை குத்திய, கிரானாவையும் சேர்த்து 12 கம்பெனிகள் செய்த கறுப்பு டயல் ரகம். அது படைக்கு வந்ததே 1945இல். எங்கள் அத்தை பிறந்த 1944லேயே ஐயா இதைக் கட்டியிருந்தார். ஆகவே அது இல்லை, விற்கவும் மாட்டேன். பெரியப்பாவைப் பொய்யர் என்றும் நான் சொல்லவில்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பின்வாங்கிய, பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாட்சுகள் ஜப்பான்காரர்கள் கைக்குப் போகாமலா இருந்திருக்கும்? யார் வாங்கியது என்பது வரைதான் முத்திரை சொல்லும், அதற்கப்புறம் எத்தனை கை மாறியது என்று சொல்லாது.

இதைச் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொன்னால், "அங்கே உட்கார்ந்துகிட்டு உங்களுக்கு என்னண்ணே தெரியும்" என்கிறான். அவனுக்குப் பர்மா என்றால் அங்கே விற்கும் அத்தோ நூடுல்ஸும் பர்மா பஜாரும்தான். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றான பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. இங்கேயே இருந்துவிட்டவர்களும் அதே நோட்டைத்தானே இழந்தார்கள்? 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் சேர்த்து இழந்தார்கள். அதை யார் கேட்கிறார்கள்! சரி, அது வேறு கதை.

உங்கள் வாட்சுக்கு வருவோம். மூடியை நீங்களே கத்தி விட்டு நெம்பாதீர்கள். முள்ளிலும் எண்ணிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். சுரண்டினால் தூள் மூக்கில் போகும். நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துத் திறந்து, மெஷினையும் மூடியின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். டயல் படம் மட்டும் போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பாலிஷ் போடட்டுமா என்று அவர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாட்சைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.