ஒரே ஒரு சீசன் ஆடிய 17 வயது ஜூட் பெல்லிங்காமுக்காக, இங்கிலாந்துக் கால்பந்து கிளப் பர்மிங்காம் சிட்டி, இனி யாரும் அணியாதபடி 22-ஆம் எண் ஜெர்சிக்கு ஏன் ஓய்வு கொடுத்தது?

2020-இல் அறிவிப்பு வந்தபோது ஊரே சிரித்தது. 44 ஆட்டம் ஆடிய பையனுக்கு இவ்வளவு மரியாதையா என்று. எனக்கும் அப்போது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். கால்பந்தில் 4 என்றால் தடுப்புக்கு முன்னால் நிற்பவர், 8 மைதானம் முழுக்க ஓடுபவர், 10 கோல் வாய்ப்பை உருவாக்குபவர். மூன்றும் உன்னால் முடியும் என்று கிளப்பின் இளையோர் அகாடமி பயிற்சியாளர் அவரிடம் சொன்னாராம். கூட்டினால் 22!

2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்துக்கு எதிராக அவர் இறங்கியபோது வயது 16 ஆண்டு 38 நாள். 1970-இலிருந்து டிரெவர் ஃபிரான்சிஸ் வைத்திருந்த, கிளப்பின் மிக இளைய வீரர் என்ற சாதனை அன்றோடு போச்சு. அதே மாதக் கடைசியில் ஸ்டோக் அணியுடனான ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து, வெற்றி கோலையும் அடித்தார். அந்த வயதில் பெரும்பாலான பையன்கள் அகாடமியில்தான் இருப்பார்கள். இவரோ இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பின் முரடர்களுடன் வாரம் இரண்டு ஆட்டம் மோதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பணம். கிளப் அப்போது நிதி நெருக்கடியில் இருந்தது. லீக்கின் நிதி விதிகளை மீறியதற்காக 2019-இல் 9 புள்ளிகளையே இழந்திருந்தது. 2020-இல் அவரை வாங்க ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் கொடுத்த சுமார் 2.5 கோடி பவுண்டு, சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன் விட்டுச்சென்ற சீர் மாதிரி.

டார்ட்மண்டில் முதல் போட்டி ஆட்டத்திலேயே, டூயிஸ்பர்க்குக்கு எதிராக, கோல் அடித்தார். அங்கேயும் அதே 22 தான் முதுகில்.