வெளுத்த லெதர் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

கேள்வி: 9 வருடப் பழைய கார் வாங்கியிருக்கிறேன். பீஜ் நிற லெதர் சீட். டிரைவர் சீட்டில் கதவுப் பக்க விளிம்பு வெளுத்து, கோடு கோடாக வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? சீட் கவரை மொத்தமாக மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டியதில்லை. இன்றைய கார் லெதரில் தோலின் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். எண்ணெய் அதைத் தாண்டி இறங்காமல் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். பிறகு அடிக்கிற நிறத்தையும் ஒட்ட விடாது. ஏறி இறங்கும்போது தொடை உரசுவது அந்த விளிம்பில்தான். அங்கே முதலில் தேய்வது பூச்சு. தோல் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

அது லெதர்தானா என்று முதலில் பாருங்கள். சீட்டுக்கு அடியில் கவரின் உட்புறம் நார்நாராக இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். உட்காரும் இடம் மட்டும் தோலாகவும், பக்கங்கள் ரெக்சினாகவும் வரும் கார்கள் நிறைய. செதில் செதிலாக உரியும் ரெக்சினுக்கு வைத்தியம் கிடையாது; அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

தோல் என்றால், வேக்குவம் போட்டுவிட்டு லெதர் கிளீனரை மென்மையான பிரஷில் விட்டு நுரைக்கத் தேய்த்து, ஈர மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடையுங்கள். துளையிட்ட சீட்டில் நேரடியாக ஸ்பிரே செய்தால் ஈரம் ஸ்பாஞ்சுக்குள் தங்கிவிடும். சமையல் சோடா வேண்டாம். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடாவின் காரத்தன்மை அதற்கு ஆகாது. துடைத்தபின் பளபளப்பு போய்விட்டதே என்று வருந்தாதீர்கள். பளபளத்தது எண்ணெய்ப் பிசுக்கு.

நன்றாகக் காய்ந்ததும் வெளுத்த பகுதியை 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கார் கதவுகளைத் திறந்துவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். முன்பு யாராவது டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தால் இருமுறை. அந்தப் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் மிச்சமிருந்தால் நிறம் குட்டிக் குட்டிக் குழிகளாக விலகி நிற்கும்.

வெடிப்புக்கு, வளையும் தன்மையுள்ள லெதர் ஃபில்லரைப் பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால், உட்கார்ந்து எழும்போது மறுபடி வெடிக்கும். ஃபெவிக்விக் கல்லாக இறுகி, பக்கத்துத் தோலையும் கிழிக்கும்.

நிறத்துக்கு, வாட்டர் பேஸ்டு லெதர் பிக்மென்ட் (தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட நிறப்பூச்சு). முன்சீட் இரண்டுக்கும் 250 மில்லி போதும். சீட்டும் சாய்வும் சேரும் இடுக்கில் வெயில் படாத அசல் நிறம் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறமல்ல. ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி 3, 4 மெல்லிய பூச்சு. மேலே மேட் டாப்கோட் (நிறத்தைக் காக்கும், பளபளப்பில்லாத மேல்பூச்சு) இரண்டு முறை. டாப்கோட்டை விட்டுவிட்டால் நிறம் வெள்ளை வேட்டியில் வந்துவிடும். 24 மணி நேரம் உட்காராதீர்கள். ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது.

ஓட்டையே விழுந்திருந்தால் குஷன் கடையில் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றச் சொல்லலாம். ஆனால் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சின்ன லேபிள் இருந்தால், சாய்வின் வெளிப்பக்கத் தையலில் கைவைக்க விடாதீர்கள். விபத்தில் ஏர்பேக் பிரிந்து வெளிவருவதற்கென்றே போட்ட தையல் அது. சாதாரண நூலில் இறுக்கித் தைத்தாலோ பசை வைத்தாலோ அது வெளியே வராமல் சிக்கிக்கொள்ளலாம். அந்த வேலையை கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் கொடுக்க வேண்டும்.